ஒற்றைத் தலைவலியின்போது தலைமுடியைத் தொட்டாலே வலிக்கிறது, இது தோல் நோயா?

கேள்வி:

பல ஆண்டுகளாக எனக்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறது. வலி தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனதும் அந்தப் பக்கத்துத் தலைமுடியைச் சீவ முடிவதில்லை. மூக்குக்கண்ணாடியின் பிடி காதோரம் பட்டாலும், தலையணையில் கன்னம் பட்டாலும், புண்ணைத் தொட்டதுபோல் எரிகிறது. தோலில் சிவப்போ தடிப்போ இல்லை. சென்ற முறை என் மகள் ஆறுதலாக நெற்றியில் கை வைத்தபோது அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவள் முகம் வாடியது இன்னும் என் மனத்தை அறுக்கிறது. நான் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

மறுமொழி 1:

உங்கள் தோலில் குறையேதும் இருப்பதாகத் தெரியவில்லை. வலி தரக்கூடாத தொடுதல் வலியாக உணரப்படும் இந்த நிலையை மருத்துவர்கள் அலோடினியா என்கிறார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வரும் வலிச் செய்தியும், நெற்றி, கண்ணோரத் தோலிலிருந்து வரும் தொடுசெய்தியும், முகத்தின் உணர்வுகளைக் கடத்தும் முக்கிளை நரம்பின் வழியாக மூளைத்தண்டில் உள்ள அதே நரம்பணுக்களை வந்தடைகின்றன. வலி நீடிக்கும்போது அந்த அணுக்கள் மிகையாகத் தூண்டப்பட்டு, சீப்பு உரசுவதையும் வலியாகவே மூளைக்குச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. சிலருக்கு இந்தத் தூண்டல் இன்னும் மேலே, உடலின் உணர்வுச் செய்திகள் வந்துசேரும் தலாமஸ் என்ற மூளைப்பகுதி வரை பரவுவதால், தலையோடு தொடர்பே இல்லாத கையில்கூடச் சட்டைத்துணி உறுத்தும்.

இது அரிதன்று. ஒற்றைத் தலைவலி ஆய்வாளர் ராமி பர்ஸ்டீன் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தலைவலியின்போது சோதிக்கப்பட்ட 42 பேரில் 79 சதவீதத்தினருக்குத் தோலில் இந்தக் கூச்சவலி இருந்தது. எனக்கும் உண்டு, தோடுகளைக் கழற்றி வைத்த பிறகுதான் படுக்கவே முடியும்.

மறுமொழி 2:

மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதன்மையான கேள்வியாகத் தோன்றுகிறது. அதே குழுவினர் 2004இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தொட்டால் வலிக்கும் நிலை வருவதற்கு முன் ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை மருந்து கொடுக்கப்பட்டபோது 93 சதவீதத் தாக்குதல்களில் தலைவலி முழுமையாக நீங்கியது. அந்த நிலை வந்துவிட்ட பிறகு கொடுத்தபோது 15 சதவீதத்தில்தான் நீங்கியது. நானும் பல ஆண்டுகள் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருந்து, சீப்பைத் தொட முடியாத நிலை வந்த பின்பே மருந்தைத் தேடியவன். அந்தப் பொறுமைக்கு எந்தப் பயனும் இருக்கவில்லை.

கேள்வி கேட்டவர்:

வலி தாங்க முடியாமல் போன பிறகே மாத்திரை போடுகிறேன். அடிக்கடி போட்டால் கெடுதல் என்ற அச்சம்தான் காரணம்.

மறுமொழி 2:

அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. டிரிப்டான் மருந்தை மாதத்தில் 10 நாள்களோ அதற்கு மேலோ, சாதாரண வலிநிவாரணிகளை 15 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்து எடுத்தால், மருந்தே தலைவலியை உண்டாக்கக்கூடும். ஆகவே குறைக்க வேண்டியது மருந்து எடுக்கும் நாள்களின் எண்ணிக்கையை; எடுக்கிற நாளில் தாமதிக்க வேண்டியதில்லை. நாள்கள் மிகுதியானால் தலைவலி வராமல் தடுக்கும் மருந்து குறித்து நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் டிரிப்டான் ஆகாது என்பதால், உங்களுக்கு அப்படி ஏதும் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 3:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 50 வயதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, தலைத்தோலைத் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடையும் நோவெடுத்தால், அதை ஒற்றைத் தலைவலி என்று விட்டுவிடக் கூடாது. அது நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியின் அழற்சியாக இருக்கலாம்; அந்த அழற்சி பார்வையையே பறித்துவிடக்கூடும் என்பதால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு: தலை வலிக்காத ஒரு நாளில் மகளிடம் இதை விளக்குங்கள். என் வீட்டில் சொன்ன பிறகு, அவர்கள் அருகில் உட்கார்கிறார்கள், தொடுவதில்லை.