மறு: வீட்டோ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஐ.நா. பாதுகாப்பு அவையில் வல்லரசு ஒன்று ஒற்றை எதிர்ப்பால் தீர்மானத்தை நிறுத்துகிற வீட்டோவுக்கு (veto) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை முழுக்கப் படித்தேன். ரத்து அதிகாரம், மறுப்புரிமை, வெட்டுரிமை, எதிர்வாக்கு, தடைவாக்கு என்று வரிசையாகப் பரிந்துரைகள் வந்திருக்கின்றன. "வீட்டோ என்றே விட்டுவிட்டால் என்ன, எல்லாருக்கும் புரிகிறதே" என்று கேட்டவரும் உண்டு. செய்தித்தாளுக்கு அது போதும், அங்கே நான் சண்டைக்கு வரமாட்டேன். நாம் தொகுப்பதோ பன்னாட்டுச் சட்டம் படிக்கிற மாணவர்களுக்கான சொல்தொகுதி. சொல்லைப் பார்த்ததும் பொருள் முழுதாக விளங்காவிட்டாலும் பரவாயில்லை; தப்பான பொருள் மனதில் உட்கார்ந்துவிடக் கூடாது.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஐ.நா. சாசனத்தில் வீட்டோ என்ற சொல்லே கிடையாது. இருப்பதெல்லாம் 27ஆம் உறுப்பு. நடைமுறை பற்றிய முடிவு என்றால் பாதுகாப்பு அவையின் 15 பேரில் யாராவது 9 பேர் ஆதரித்தால் போதும். மற்ற முடிவுகளுக்கும் 9 வாக்குதான், ஆனால் நிரந்தர உறுப்பினர்கள் ஐவரின் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) இசைவும் அதில் அடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவுக்கோ சீனாவுக்கோ 'மறுக்கும் உரிமை' என்று ஒன்றை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஐவரில் ஒருவர் எதிர்த்தால் தீர்மானம் பிறக்காது, அவ்வளவுதான். உலக அரசியலையே ஆட்டிவைக்கிற அதிகாரம் இப்படி ஒரு வாக்கு எண்ணிக்கை விதிக்குள் ஒளிந்திருக்கிறது.

> ரத்து அதிகாரம் ஏற்கெனவே நாளிதழ்களில் புழங்குகிறது. அதையே ஏற்கலாமே?

ரத்து என்றால் இருப்பதை இல்லாமல் ஆக்குவது. ரயில் ரத்து, உரிமம் ரத்து, தேர்வு ரத்து. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் பற்றிய வரைவை 11 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா மட்டும் எதிர்த்தது. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. இதை 'ஐ.நா. தீர்மானத்தை ரஷ்யா ரத்து செய்தது' என்று எழுதினால், நிறைவேறிய தீர்மானம் ஒன்றை ரஷ்யா பிறகு கிழித்துப் போட்டதாகத்தான் வாசகர் நினைப்பார். அன்று தீர்மானமே இல்லை, வரைவுதான் இருந்தது. அது வரைவாகவே நின்றுபோனது. (வரைவு, தீர்மானம் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும் பழக்கம் நம் செய்திகளில் இன்னும் வரவில்லை. அது வேறு வருத்தம்.)

எதிர்வாக்கு எளிமையான சொல். சிக்கல் என்னவென்றால், நிரந்தர உறுப்பினர் போடுகிற எதிர்வாக்கு எல்லாமே வீட்டோ ஆகிவிடாது. 2014 டிசம்பர் 30 அன்று பாலஸ்தீனம் பற்றிய வரைவுக்கு 8 ஆதரவு, 2 எதிர்ப்பு, 5 பேர் ஒதுங்கல். எதிர்த்தவை அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும். அமெரிக்கா எதிர்த்தும் அது வீட்டோ கணக்கில் ஏறவில்லை. 9 வாக்கே சேராததால் வரைவு தானாகவே தோற்றுவிட்டது. அந்த எதிர்வாக்கு எதையும் தடுக்கவில்லை. நாம் தேடுகிற சொல், மற்றபடி நிறைவேறியிருக்கக் கூடிய ஒன்றைத் தடுத்து நிறுத்துகிற வாக்கை மட்டும் குறிக்க வேண்டும்.

வெட்டுரிமையின் ஓசை வீட்டோவுக்குப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு நண்பர் ரசித்திருந்தார். ரசனைதான். ஆனால் நாடாளுமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது தொகையைக் குறைக்கச் சொல்லி வருகிற 'வெட்டுத் தீர்மானம்' நெடுநாள் புழக்கத்தில் உள்ள சொல். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் தடுமாறுவார்.

இந்த இழையில் அதிக ஆதரவு தடைவாக்குக்குத்தான். சுருக்கமான சொல், அது ஒரு வாக்கு என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆனால் இந்த வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: '2008 ஜூலையில் ஜிம்பாப்வே மீதான தடைகளுக்கு ரஷ்யாவும் சீனாவும் தடைவாக்கு அளித்தன.' தடை விதிக்கச் சொல்லி வாக்களித்தார்களா, விதிக்காதே என்று வாக்களித்தார்களா? நடந்தது இரண்டாவது. வாக்கியம் முதலாவதைச் சொல்வது போல இருக்கிறது. பாதுகாப்பு அவையின் அன்றாட வேலையே பொருளாதாரத் தடை, ஆயுதத் தடை, பயணத் தடை என்றுதான் போகிறது. அந்த இடத்தில் இன்னொரு 'தடை'யைக் கொண்டுபோய் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆகவே என் பரிந்துரை: தடுப்புவாக்கு. தடுப்பணை, தடுப்புக் காவல் என்று தடுப்பு நமக்குப் பழகிய சொல். நடப்பதற்கு முன்பே நிறுத்துவது என்ற பொருள் அதில் இருக்கிறது. ரத்தில் அது இல்லை. வாக்கியத்திலும் தடங்கலில்லாமல் உட்காருகிறது: 'ஜிம்பாப்வே மீதான தடைகளுக்கு எதிராக ரஷ்யாவும் சீனாவும் தடுப்புவாக்கு அளித்தன.' 'முதல் தடுப்புவாக்கு 1946 பிப்ரவரி 16 அன்று சிரியா, லெபனான் விவகாரத்தில் சோவியத் ஒன்றியத்தால் இடப்பட்டது.' எனக்கு நெருடவில்லை.

கூட்டுச்சொற்களும் வருகின்றன. ஒரு விஷயம் நடைமுறை சார்ந்ததா இல்லையா என்ற கேள்விக்கே முதலில் ஒரு தடுப்புவாக்கு, பிறகு விஷயத்தின் மேல் இன்னொன்று என்று 1948இல் செக்கோஸ்லோவாக்கியா விவகாரத்தில் சோவியத் ஒன்றியம் செய்தது. அது இரட்டைத் தடுப்புவாக்கு. 'நாங்கள் எதிர்ப்போம்' என்று காதில் போட்டுவைத்து, வரைவு மேசைக்கே வராமல் செய்வது இன்னொரு வகை. பதிவேட்டில் ஏறாது, ஆனால் பதிவானவற்றைவிட இதற்குத்தான் வேலை அதிகம் என்பது என் எண்ணம். இதை மறைமுகத் தடுப்புவாக்கு எனலாம்.

அமெரிக்க அதிபர் மசோதாவைத் திருப்பி அனுப்புவதையும் வீட்டோ என்கிறார்களே என்று கேட்பீர்கள். அது வாக்கே அல்ல. காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அதை மீறிவிடலாம். அதற்கு 'இசைவு மறுப்பு' என்று தனிப் பதிவு போடுவோம். மூலமொழியில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒரே சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

---

மறுமடல்

ஐயா, வணக்கம்.

தடுப்புவாக்கு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் மறுப்புரிமையை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட்டீர்களே. சாசனத்தில் உரிமை என்று எழுதவில்லை, சரி. ஆனால் 108ஆம் உறுப்பைப் பாருங்கள். சாசனத்தில் ஒரு வரியைத் திருத்தவும் ஐவரும் ஏற்புறுதி தர வேண்டும். தங்கள் சலுகையைத் தாங்களே சம்மதித்தால் ஒழிய யாராலும் பறிக்க முடியாது என்றால், அது உரிமை இல்லாமல் வேறென்ன? சாசனத்தை எழுத 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய மாநாட்டில் ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் எவாட் தலைமையில் சிறிய நாடுகள் இதை எதிர்த்துப் பார்த்தன. இது இல்லையென்றால் சாசனமே இல்லை என்று பெரிய நாடுகள் கறாராகச் சொல்லிவிட்டன. சட்டமொழியில் எழுதப்பட்ட வல்லரசுப் பேரம் அது. 'தடுப்புவாக்கு' என்ற சாதுவான சொல் அந்தப் பேரத்தை மறைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால் 'ஆதிக்க வாக்கு' என்றே வைப்பேன்.

---

மறு: மறுமடல்

நண்பரே,

108ஆம் உறுப்பு பற்றிச் சொன்னது சரியான அடி. அந்த ஏற்பாட்டை ஒட்டுமொத்தமாகச் சொல்ல 'தடுப்புவாக்கு அதிகாரம்' என்று எழுதுவோம். ஒவ்வொரு முறை கை தூக்குவதற்கு 'தடுப்புவாக்கு' மட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததுதான் மறுப்புரிமையில் எனக்கு உறுத்தியது.

ஆதிக்க வாக்குக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1961 டிசம்பர் 18 அன்று கோவாவிலிருந்து இந்தியப் படை வெளியேற வேண்டும் என்ற வரைவுக்கு 7 வாக்கு கிடைத்தது. அன்றைக்கு 11 பேர் அவையில் 7 போதும். சோவியத் எதிர்த்ததால்தான் அது விழுந்தது. 1971 டிசம்பரில் இந்திய-பாகிஸ்தான் போரின்போது உடனடிப் போர்நிறுத்தம் கோரிய வரைவுகளையும் சோவியத் வாக்குதான் நிறுத்தியது. வங்கதேச விடுதலையின் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அடுத்த ஆண்டே, 1972 ஆகஸ்டில், அதே வங்கதேசம் ஐ.நா.வில் சேர முடியாமல் செய்ததும் ஒரு தடுப்புவாக்குதான். இம்முறை போட்டது சீனா, அவையில் மக்கள் சீனத்தின் முதல் தடுப்புவாக்கு அது. ஒருவருக்குக் கேடயமாக இருப்பது இன்னொருவருக்குப் பூட்டாக இருக்கிறது. தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே எழுதிவைத்தால், மாணவர் நாளை கோவா பற்றி எழுதும்போது என்ன செய்வார்? கட்டுரையில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், சொல்தொகுதியில் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் (League of Nations) மன்றத்தில் பெரும்பாலான முடிவுகளுக்கு எல்லாருமே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கண்ணோடு பார்த்தால் 1945இல் நடந்தது தடுக்கும் ஆற்றலை உருவாக்கியது அல்ல, எல்லாரிடமும் இருந்ததை ஐந்து பேரிடம் சுருக்கியது. எரிச்சலூட்டுகிற சுருக்கம்தான்.

கொசுறாக ஒன்று. இந்த இழை முடிவதற்குள் 'நடுநிலை வகித்தது' என்ற தொடரைப் பற்றியும் பேசிவிட வேண்டும். வாக்களிக்காமல் ஒதுங்குவதை நம் செய்திகள் நடுநிலை என்கின்றன. 27ஆம் உறுப்பை எழுத்துக்கு எழுத்து படித்தால், ஒதுங்கிய நிரந்தர உறுப்பினர் இசைவு தரவில்லை, ஆகவே தீர்மானம் விழ வேண்டும். அவை தொடக்க ஆண்டுகளிலிருந்தே அப்படிக் கணக்கிடவில்லை. நமீபியாவைத் தன் பிடியில் வைத்திருந்த தென்னாப்பிரிக்கா, அது பற்றிய அவையின் தீர்மானம் செல்லாது என்று இதைக் காட்டித்தான் வாதிட்டது. பன்னாட்டு நீதிமன்றம் 1971இல், நீண்டகால நடைமுறையே விதியின் பொருளைக் காட்டுகிறது என்று அந்த வாதத்தைத் தள்ளியது. ஆக, நிரந்தர உறுப்பினர் ஒதுங்குவது என்றால் போகவிடுவது. 2011 மார்ச் 17 அன்று ராணுவ நடவடிக்கைக்கு வழிவிட்ட லிபியா தீர்மானத்தில் ரஷ்யாவும் சீனாவும் ஒதுங்கின. 10 வாக்கில் தீர்மானம் நிறைவேறியது, இரண்டே நாளில் குண்டுவீச்சு தொடங்கியது. அதில் நடுநிலை எங்கே இருக்கிறது?

என் வரைவு 'வாக்கொதுங்கல்'. 1950இல் சோவியத் பிரதிநிதி அவைக்கே வராமல் இருந்தது இதில் சேராது, அது புறக்கணிப்பு. அந்த நேரத்தில்தான் கொரியா பற்றிய தீர்மானங்கள் நிறைவேறின. சிக்கல் மூன்றாவது வகையில் இருக்கிறது. எழுபதுகளில் சீனப் பிரதிநிதி நாற்காலியில் உட்கார்ந்தபடியே 'வாக்கெடுப்பில் பங்கேற்கவில்லை' என்று பதிவு செய்யச் சொல்வார். வந்திருக்கிறார், ஒதுங்கவும் இல்லை. 'பங்கேற்காமை' என்றால் வராமல் இருந்தது போலத் தொனிக்கிறது. 'வாக்கில் சேராமை' என்று போட்டுவைத்திருக்கிறேன், திருப்தியில்லை. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் தனி இழையாகப் போடுங்கள். இதில் ஏற்கெனவே மடல்கள் குவிந்துவிட்டன.