கோர்வை போடப் பழகிய பிறகு மாறிய என் ஆட்டம்

சென்னையில் பரதநாட்டியம் இளங்கலை, கடைசி வருடம். கல்லூரிக்கு வரும் முன்பே அரங்கேற்றம் முடிந்துவிட்டதால் அலாரிப்பிலிருந்து தில்லானா வரை மார்க்கம், அதாவது ஒரு கச்சேரியின் உருப்படி வரிசை, முழுக்க ஆடத் தெரியும். சொல்லிக்கொடுத்ததைச் சுத்தமாக ஆடுவேன், அவ்வளவுதான். நட்டுவாங்கமும் (தாளம் போட்டு, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது) நடன அமைப்பும் பாடமாக வந்த பிறகுதான் என் ஆட்டமே மாறியது.

அந்த வகுப்பில் முதலில் கொடுத்த வேலை, நான்கு பேர் ஆடுவதற்கு ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனக் கோர்வை, அதாவது இரண்டு தாளச் சுற்றில் கணக்காக முடியும் ஜதித் தொடர். சதுஸ்ர நடையில் எட்டு அட்சரத்துக்கும் நான்கு நான்கு மாத்திரை, ஆகவே ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை, இரண்டுக்கு 64. 'தகிட தகதிமி' ஏழு மாத்திரை. அதை ஏழு முறை சொன்னால் 49. மீதி 15-க்குத் தீர்மானம், அதாவது முடிவாக, ஐந்து மாத்திரை 'ததிங்கிணதொம்' மூன்று முறை. தாளம் போட்டுச் சொல்லிக் காட்டினேன், சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், கச்சிதமாக வந்து விழுந்தது. டீச்சர் கேட்டுவிட்டு, "சரி, சொற்கட்டு நல்லா இருக்கு. தீர்மானத்தை எந்தக் கால்ல எடுக்கப் போற?" என்றார்.

மாத்திரைக்கு ஒரு தட்டு என்று வலது காலில் தொடங்கினால் ஏழாவது தட்டும் வலதில்தான் விழும். அடுத்த ஏழு இடதில் தொடங்கும். அப்படியே போனால் 49-வது தட்டு வலதில் முடிந்து, தீர்மானம் இடது காலுக்குப் போய்விடும். காகிதத்தில் இது தெரியவே தெரியாது, ஆடிப் பார்த்தால்தான் தெரியும். அந்த 49-வது மாத்திரையில் மட்டும் குதித்து இரண்டு பாதத்தையும் ஊன்றினோம், தீர்மானத்துக்கு வலது கால் கிடைத்தது. அப்புறம் அந்தக் கால் மாற்றத்தையே பயன்படுத்திக்கொண்டோம். இரண்டு பேர் வலதிலும் இரண்டு பேர் இடதிலும் ஆரம்பிக்க, ஒவ்வொரு ஏழுக்கும் ஜோடிகள் நெருங்கி விலகின. அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) ஒன்றுதான், ஆனால் மேடை முழுக்க அசைந்தது.

சிதம்பரம் கோயில் கோபுர வாயில்களில் உள்ள 108 கரணச் சிற்பங்களைப் பார்க்கப் போனதும் இந்தப் பயிற்சியில் சேர்த்திதான். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் கரணம் என்பது நிற்கும் நிலை அல்ல, அசைவு என்று நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் தன் ஆய்வில் சொன்னதை வகுப்பில் படித்திருந்தோம். ஆளுக்கொரு சிற்பத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த உடல் எங்கிருந்து இங்கே வந்திருக்கும், அடுத்து எங்கே போகும் என்று ஆடிப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே சிற்பத்துக்கு என் தோழி ஒரு வழி கண்டாள், நான் வேறு வழி கண்டேன். இரண்டும் பொருந்தின.

மேடை அனுபவத்தில் எனக்குப் பெரிதாகப்பட்டது, ஆடாமல் நட்டுவாங்கத்தில் உட்கார்ந்த நாள். ஜூனியர்கள் ஆடினார்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மூன்றாம் காலம், அதாவது மிக வேகமான கட்டம், வந்ததும் யாருக்கு அரைமண்டி (முழங்கால் மடக்கி நிற்கும் நிலை) உயர்கிறது, யார் மூச்சுக்காகத் தோளைத் தூக்குகிறார் என்று எல்லாம் தெரிந்தது. மிருதங்கக்காரர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு இழை வேகம் கூட்டினால் நான்கு பேரின் முழங்காலும் அதற்கு விலை கொடுக்கும். ஆடும்போது காலப்பிரமாணத்தை, அந்த வேகத்தின் அளவை, இவ்வளவு பொறுப்பாக நான் நினைத்ததே இல்லை. இப்போது தனியாகப் பயிற்சி செய்யும்போதும் முதலில் உட்கார்ந்து, கையில் தாளம் போட்டு ஜதியை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் எழுந்து ஆடுகிறேன்.