அபர்டீனிலிருந்து ஒரு வாரம்: எந்தக் கோட்டை, எந்தத் தீவு?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்

மகள் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் படிக்கிறாள். ஜூன் மாதம் நானும் என் மனைவியும் ஒரு வாரம் அவளிடம் போகிறோம். வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் பிள்ளைகளை உட்காரவைத்து வரலாறு நடத்தியவன் நான். அங்கே போய்க் கடைத்தெருவைச் சுற்ற மனம் இல்லை. கடலோரக் கோட்டை ஒன்று, தீவு ஒன்று, இவ்வளவு பார்த்தால் போதும். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: காட்பாடிப் பெண், இப்போது டண்டீயில்

ஐயா, டன்னாட்டர் கோட்டைக்குப் போங்கள். அபர்டீனிலிருந்து ஸ்டோன்ஹேவனுக்கு ரயிலில் இருபது நிமிடம். அங்கிருந்து கடலோரமாக மூன்று கிலோமீட்டர் நடை. நம் கோட்டைக்கு அகழி வெட்டித் தண்ணீர் விட்டார்கள். இதற்குக் கடலே அகழி. 1651-ல் இங்கிலாந்துத் தளபதி கிராம்வெலின் படை வளைத்துக்கொண்டது. உள்ளே ஸ்காட்லாந்தின் மணிமுடி, செங்கோல், வாள். எட்டு மாதம் தாக்குப்பிடித்து 1652 மே மாதம் கோட்டை பணிந்தது. எதிரிக்கு மணிமுடி கிடைக்கவில்லை! அதற்குள் வெளியே கடத்தி, கின்னெஃப் என்ற சிற்றூர்த் தேவாலயத்தின் தரைக்கடியில் புதைத்துவிட்டார்கள். 1660 வரை மண்ணுக்குள்தான். இன்று எடின்பரோ கோட்டையில் இருக்கிறது.

படிகள் நிறைய, இறங்கி மறுபடி ஏற வேண்டும். எதிர்க் குன்றிலிருந்தே கோட்டை முழுதும் தெரியும். அம்மா அங்கேயே உட்கார்ந்து பார்க்கட்டும். குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும்.

பதில்: ஆம்பூர்க்காரர்

தீவு என்றால் அயோனாதான் சார். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். ஓபன் என்ற துறைமுக ஊர் வரை ரயில், மல் தீவுக்குக் கப்பல், அதைக் கடக்க ஒரு பஸ், கடைசியில் பத்து நிமிடப் படகு. இரண்டு இரவு ஒதுக்குங்கள். 563-ல் அயர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவத் துறவி கொலம்பா மடம் நிறுவிய இடம். மடாலயத்தின் முன்னே எட்டாம் நூற்றாண்டுச் சிலுவை ஒன்று, நட்ட இடத்திலேயே நிற்கிறது. ஒரு முகத்தில் குழந்தையேந்திய மாதா, மறு முகத்தில் பின்னிக்கிடக்கும் பாம்புகள். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த உளிவேலை உடனே பிடிபடும். நான் மழையில் அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றேன். தீவில் சுற்றுலாக் கார்களுக்கு அனுமதி இல்லை. நடை சமதளம், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. முதல் நாள் டன்னாட்டர்; வாரக் கடைசியில் இரண்டு இரவு அயோனா. சிலுவையின் இரு பக்கத்தையும் வரைந்துவர நோட்டுப்புத்தகம் வாங்கிவிட்டேன்.