விதி வகுப்பவரே ஆலையையும் மூடலாமா?

பேரணாம்பட்டு வாசகர்:
என் சித்தப்பா இங்கே சிறிய தோல் பதனிடும் கூடம் நடத்துகிறார். கழிவுநீர் வரம்பை மீறியுள்ளது, மின் இணைப்பை ஏன் துண்டிக்கக் கூடாது என 15 நாட்களுக்குள் விளக்கம் தரும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமிருந்து நோட்டீஸ் வந்துள்ளது. வரம்பை விதிப்பதும், மாதிரி எடுப்பதும், மூட உத்தரவிடுவதும் ஒரே வாரியம் என்றால், சட்டம் இயற்றுவதும் செயல்படுத்துவதும் தீர்ப்பளிப்பதும் தனித்தனி அமைப்புகளிடம் இருக்க வேண்டும், அதாவது அதிகாரப் பிரிவினை என்று நாம் படித்ததற்கு என்ன பொருள்?

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
நம் அரசியலமைப்பு அதிகாரங்களை இறுக்கமாகப் பிரிக்கவில்லை என்று 1955-லேயே ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது; எனவே அந்த வாதம் மட்டும் நிற்காது. ஆனால் 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33அ பிரிவு வாரியத்துக்குத் தரும், ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவிடும் அதிகாரத்துக்கு வேலி உண்டு. ஆட்சேபம் கேட்காமல் உத்தரவிடுவதென்றால், பெருங்கேடு நேரும் என்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். உத்தரவில் எழுதாத காரணத்தைப் பிறகு பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து ஒட்டுப்போட முடியாது என்பது 1977-இன் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மேல்முறையீடு சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும். அரசியலமைப்பின் 226-வது உறுப்பின்படி உயர் நீதிமன்றக் கதவும் திறந்தே இருக்கிறது.

ஆம்பூர் விவசாயி:
வேலி இரு பக்கமும் உண்டு, ஐயா. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணற்று நீர் உவர்த்துப்போன பின், 1996-இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது அதிகாரம் மிஞ்சியதை அல்ல. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இடம் தந்தும் மத்திய அரசு தனி ஆணையம் அமைக்காமல் இருந்ததையே. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-வது உறுப்பு தொழில் நடத்துபவருக்கு மட்டுமன்று, குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் எங்களுக்கும்தான்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:
மறுக்கவில்லை. வாரியம் இழப்பீடு வசூலிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்றதும், அதற்கான துணைவிதிகளை முதலில் வகுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். சித்தப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி கழிவுநீர் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட்டார்களா?

பேரணாம்பட்டு வாசகர்:
கேட்டேன். தாம் கையொப்பமிட்டதாகவும், இரண்டாவது குப்பியைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்கலாம் என்பது தமக்குத் தெரியாது என்றும் சொல்கிறார். இன்னும் 9 நாட்கள் இருக்கின்றன.