சின்ன கூரியர்கள் சேர்ந்து லோடு மாற்றிக்கொண்ட அனுபவம்: உங்களுக்கு எப்படி?

ராயபுரம் ரவுண்டு
எனக்கு ஆறு பையன்கள், ஒரு குட்டியானை. எல்லாம் வடசென்னை. சோழிங்கநல்லூருக்கு ரெண்டே ரெண்டு பார்சல் விழுந்தால் போக வர ஐம்பது கிலோமீட்டர், பெட்ரோல் போக மிச்சம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் ஓஎம்ஆரில் தொழில் செய்யும் ஒருவருக்குப் பாரிமுனை பார்சல் என்றால் இதே தலைவலி. சரி என்று சைதாப்பேட்டை டீக்கடை ஒன்றில் தினமும் காலை ஒன்பதரைக்கு மூட்டை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தோம். அவர் பார்சலை நான் போட்டால் எனக்கு 22 ரூபாய், என்னுடையதை அவர் போட்டால் அவருக்கு 22. ஒரே தெருவில் நாலு பார்சல் சேர ஆரம்பித்ததும் பையன்கள் மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடுவார்கள்.

2023 டிசம்பர், மிக்ஜாம் அடித்து ரெண்டு நாள் ஆகியும் வேளச்சேரியில் தண்ணீர் வடியவில்லை. அங்கே ஒரு அம்மாவுக்கு, என்னிடம் பார்சல் கொடுக்கும் மருந்துக் கடைக்காரர் அனுப்பிய மருந்து போக வேண்டும். ஓஎம்ஆர்காரருடைய பையன் தலையில் வைத்து நடந்தே போய்க் கொடுத்துவிட்டு போட்டோ அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். நனையாமல் இருக்க மேலே ஒரு கவர் போட்டிருக்கிறான். அவர்கள் கம்பெனி பெயரும் போன் நம்பரும் அச்சடித்த கவர். என் ஸ்டிக்கர் உள்ளே மங்கலாகத் தெரிகிறது.

அவன் கையில் இருந்தது அந்தக் கவர்தானே, வேறு எதில் போடுவான்? ஆனால் பொங்கலுக்குள் அந்த மருந்துக் கடை அவரிடம் போய்விட்டது. இன்றுவரை நான் கேட்கவில்லை.

அம்பத்தூர் அண்ணாச்சி
கஸ்டமர் போனால் இன்னொருவர் வருவார் தம்பி. எங்களுக்கு வெடித்தது சிஓடி பணத்தில், அதாவது பார்சலைக் கொடுக்கும்போது வீட்டில் வாங்கும் பணத்தில். மூன்று பேர் சேர்ந்தோம், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கணக்கு. தீபாவளி வாரம் என் கஸ்டமர்கள் கொடுத்த பணத்தில் 6,400 குறைந்தது. "திங்கள் தர்றேன்ணே" என்று கூட்டாளி ஒருவர் சொல்லும்போது மேசைக்குக் கீழே புதுப் பட்டாசுப் பெட்டி இருந்தது. திங்கள் பணம் வந்துவிட்டது, அது வேறு விஷயம். எனக்கு அந்தப் பெட்டிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை
எனக்குச் சொந்தக் கதை பெரிதாக இல்லை, ஒரே ஒருமுறை கூட்டு சேர்ந்து மூன்று மாதத்தில் பிரிந்தோம். ஆனால் உங்கள் ரெண்டு பேர் தவறும் ஒன்றுதான்: வாய்ப்பேச்சு. பார்சல் கை மாறும் இடத்திலேயே ரெண்டு பேரும் ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்கு அப்புறம் தொலைந்தால் வாங்கியவர் பொறுப்பு. சிஓடியை வாரக் கணக்கில் விடவே கூடாது, அன்றைக்கு வசூலானது அன்று ராத்திரிக்குள் யுபிஐயில் வந்தாக வேண்டும். ரிட்டர்ன் பார்சலுக்கு யார் பெட்ரோல் என்பதையும் முதல் நாளே எழுதி வையுங்கள், பாதிச் சண்டை அங்கேதான். வீட்டுச் சாப்பாட்டு டப்பாவை ஆபீஸுக்குக் கொண்டுபோகும் மும்பை டப்பாவாலாக்களைப் பாருங்கள். 1890இல் தொடங்கியது. மூடியில் ஒரு குறியீடு, அதை வைத்தே கை மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறார்கள். குழுவுக்குள் வருமானம் சமமாகப் பிரிகிறது. நம்மால் ஏன் முடியாது?

கோவை மீனா
டப்பாவாலாவை இழுக்காதீங்க சார். அங்கே நேற்றும் இன்றும் நாளையும் அதே வீடு, அதே ஆபீஸ், நடுவில் ரயில். நமக்குத் தினமும் புது முகவரி, அதில் பாதிப் பேர் போனே எடுப்பதில்லை. நமக்குக் கிட்டத்தில் வருவது ஐரோப்பாவின் கூப்சைக்கிள்தான். அதில் சைக்கிளில் டெலிவரி செய்யும் சின்னச் சின்னக் கூட்டுறவுகள் சேர்ந்து ஒரே மென்பொருளை வைத்துக்கொள்கின்றன. தனித்தனியாகச் செய்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது.

என் கதை தலையணை. காந்திபுரத்தில் நாங்கள் நாலு பேர் மாற்றிக்கொள்கிறோம், எடைக்கு இவ்வளவு என்று பேச்சு. ஒரு நாள் நான் கொடுத்த தலையணை மூட்டை, தராசில் ஒன்றரைக் கிலோ. வாங்கியவர் டேப் எடுத்து அளந்தார்: 60க்கு 40க்கு 20 சென்டிமீட்டர். இடத்தை அடைக்கும் மூட்டைக்குக் கூரியரில் போடும் கணக்கில், பெருக்கி 5000ஆல் வகுத்தால் 9.6 கிலோ. "அக்கா, இது பைக்கில் ஏறாது, பத்துக் கிலோ காசு கொடுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். பெரிய கம்பெனிக்காரன் என்னிடம் அப்படி வாங்கியபோது நான் போட்ட சத்தம் எனக்கே ஞாபகம் வந்தது.

ராயபுரம் அண்ணா, நேரடியாகக் கேட்டுவிடுங்களேன்.

ராயபுரம் ரவுண்டு
கேட்கலாம்தான் மீனா. ஆனால் ஒன்பதரை மூட்டை நின்றுபோனால் மறுபடி சோழிங்கநல்லூருக்கு நான்தான் வண்டி விட வேண்டும்.

போன வாரம் அச்சடிக்காத வெள்ளைக் கவர் ஐந்நூறு வாங்கி, பாதியை அவரிடம் கொடுத்தேன். மழைக்கு என்றேன். வாங்கி வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டார், எதற்கு என்று கேட்கவில்லை. அன்றைக்கு டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.