புதிய பறவை நூல்களோடு களத்துக்குப் போன அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

பறவைகளைப் பற்றிய நூல்கள் முன்பைவிட இப்போது அதிகமாக வருகின்றன. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். படங்களைப் புரட்டுவதற்கு முன்னால், உங்கள் வீட்டைச் சுற்றி நீங்கள் ஆண்டு முழுதும் பார்க்கும் ஒரு பறவையைப் பற்றி அந்த நூல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். செம்போத்தை எடுத்துக்கொள்ளலாம், கரிச்சானை எடுத்துக்கொள்ளலாம். அது எங்கே அமர்ந்து இரை தேடும், எந்த மாதங்களில் கூடு கட்டும், விடியற்காலையில் எப்படிக் குரல் கொடுக்கும் என்பதெல்லாம் நீங்கள் கண்டதோடு பொருந்தி வந்தால், நீங்கள் இதுவரை காணாத பறவைகளைப் பற்றியும் அந்த நூலை நம்பலாம். நிறங்களை மட்டும் அடுக்கிவிட்டு அடுத்த பறவைக்குப் போய்விடும் நூல் எத்தனை பளபளப்பான தாளில் அச்சாகியிருந்தாலும் களத்தில் உதவாது.

சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வெளிவந்தது. அதன் பலம் உரைநடையில் இருக்கிறது. பறவையின் உருவத்தைச் சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம் என்று எல்லோரும் அறிந்த பறவைகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் முறை, தொலைநோக்கி வாங்க வசதியில்லாதவர்களுக்கும் பறவை நோக்குதலைத் திறந்துவிட்டது. அந்த மரபில் தமிழில் வந்த கையேடுகளில், ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' நூலைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பழைய நூல் போதாதா, புதியது எதற்கு என்ற கேள்விக்கு என் மலைப் பயணங்களில் விடை கிடைத்தது. உதகைக்கு வெளியே ஒரு சோலையின் ஓரத்தில் சிரிப்பான் என்னும் பறவைகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு மேல் தடித்த வெள்ளைப் புருவமும், செம்பழுப்பு மார்பும் வயிறும் தெளிவாகத் தெரிந்தன. புதருக்குள்ளிருந்து ஒன்று குரலெழுப்பினால், மற்றவையும் உடனே சேர்ந்துகொண்டு மலைச்சரிவையே கலகலக்க வைத்துவிடும். பின்னர் கொடைக்கானலில் தங்கியிருந்த இடத்துக்குப் பின்புறம், முட்கள் நிறைந்த காட்டு ராஸ்பெர்ரிப் புதரில் அதே சாயலுள்ள பறவைகளைக் கண்டேன். அவற்றில் ஒன்று மெல்லிய கொம்பு தன் எடையால் வளைந்து தாழ, ஏறக்குறையத் தலைகீழாகத் தொங்கியபடி கனியைப் பறித்தது. அந்த நிலையில் அதன் மார்பு முழுதாக என் பக்கம் திரும்பியது. அது சாம்பல் நிறமாக இருந்தது, அதில் வெண்கோடுகளும் இருந்தன. செம்பழுப்பு வயிற்றில்தான் தொடங்கியது.

என்னிடமிருந்த பழைய கையேடு, மேற்கு மலைத்தொடரின் இந்தச் சிரிப்பான்களை இரண்டு இனங்களாகக் காட்டியது. 2017இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இவை ஆசியாவின் மற்ற சிரிப்பான்களிலிருந்து விலகி நிற்கும் தனிப் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தனித் தொகுதி, என்று வகுத்தது. இப்போது இவை நான்கு இனங்களாகக் கொள்ளப்படுகின்றன: வயநாட்டை ஒட்டிய பாணாசுர மலைப் பகுதியில் ஒன்று, நீலகிரியில் ஒன்று, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் ஒன்று. காரணம் நிலத்திலேயே இருக்கிறது. குளிர்ந்த உயர்மலைச் சோலைகளிலும் அவற்றின் ஓரங்களிலும் மட்டுமே வாழும் ஒரு பறவைக்கு, வெப்பமான தாழ்நிலமாகிய பாலக்காட்டுக் கணவாய் கடக்க முடியாத எல்லை. இருபுறமும் பிரிந்துபோன கூட்டங்கள் நெடுங்காலம் ஒன்றையொன்று காணாமலே வாழ்ந்து, தனித்தனி இனங்களாகிவிட்டன. புதிய கையேட்டில் இந்தக் கணவாய்களைக் குறித்த சிறிய வரைபடத்தைப் பார்த்தபோது, கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் பலமுறை ரயிலில் கடந்துபோன அந்தச் சமவெளியை நான் முதன்முறையாகப் பறவையின் பக்கமிருந்து பார்த்தேன். இத்தகைய ஒரு பக்கத்துக்காகவே புதிய நூலுக்குப் பணம் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய நூல்களில் 'எங்கும் சாதாரணமாகக் காணப்படும்' என்று எழுதப்பட்ட பறவைகள் பல இப்போது அப்படி இல்லை. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்தவை 338 இனங்கள். அவற்றில் 60 விழுக்காடு குறைந்து வந்திருக்கின்றன. பனங்காடையும் அவற்றில் அடக்கம். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடை இறங்கிப் பறக்கும்போது சிறகில் விரியும் நீலத்தைப் பார்த்தவர்கள், அது குறைந்து வருகிறது என்பதை எளிதில் நம்பமாட்டார்கள். நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் இ-பேர்டு தளத்தில் பதிவிட்ட பட்டியல்களிலிருந்து எழுந்த கணக்கு அது. 2015 முதல் ஆண்டுதோறும் நாம் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பட்டியல்களும் அதே தளத்தில்தான் சேர்கின்றன. புதிய நூலாசிரியர்கள் இந்தத் தரவைப் பயன்படுத்தாமல், முன்னோர் எழுதியதையே மறுபடி எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து:

கோவை நண்பர் உரையைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் படங்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கோடியக்கரையில் நாங்கள் பார்க்கும் பறவைகளுக்குப் படம்தான் உயிர். பனிக்காலத்தில் இங்கு வரும் கரைப்பறவைகள் பெரும்பாலும் இனப்பெருக்கக் கால நிறங்களைக் களைந்துவிட்டுச் சாம்பலும் பழுப்புமாக நிற்பவை. உப்பளத்தின் வெள்ளை ஒளியில், வெப்பக் காற்று அலையாடும் தூரத்தில், நூற்றுக்கணக்கில் அவை கலந்து நிற்கும்போது நிறத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது.

ஒளிப்படங்கள் நிறைந்த ஒரு புதிய நூலையும், ஓவியங்கள் கொண்ட ஒரு கையேட்டையும் ஒரே காலைப்பொழுதில் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒளிப்படம், ஒரு குறிப்பிட்ட பறவை ஒரு குறிப்பிட்ட ஒளியில் ஒரு நொடி எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது. ஓவியனோ பல பறவைகளைப் பார்த்து அவற்றுக்குப் பொதுவானதை எடுத்து, ஒத்த இனங்களை ஒரே நிலையில், ஒரே ஒளியில் வரிசையாக நிறுத்துகிறான். அதனால் அலகின் நீளத்தையும் காலின் உயரத்தையும் அங்கேயே ஒப்பிட முடிகிறது. ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் அமெரிக்காவில் வெளியிட்ட கையேட்டில் அடையாளக் குறிகளைச் சிறு கோடுகளால் சுட்டிக்காட்டிய முறையைத்தான் இன்றும் நல்ல ஓவியக் கையேடுகள் பின்பற்றுகின்றன. பெரிய மணல் உப்புக்கொத்தியை அதன் சிறிய உறவிலிருந்து பிரிக்க வேண்டுமானால், தடித்து நீண்ட அலகையும் நீளமான கால்களையும் பார்க்க வேண்டும். ஓவியப் பக்கத்தில் அது ஒரே பார்வையில் விளங்கியது. ஒளிப்பட நூலில் இரண்டு இனங்களும் வேறுவேறு பக்கங்களில், வேறுவேறு கோணங்களில் இருந்தன.

ஆனால் அந்தக் கையேட்டிலும் என்னை நிறைவுபடுத்தாத இடம் ஒன்று இருந்தது, அது இரை தேடும் முறை. உப்புக்கொத்திகள் சில அடிகள் விரைந்தோடி, சட்டென்று நின்று, கண்ணால் பார்த்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான்கள் அப்படி நிற்பதில்லை. நடந்துகொண்டே அலகைச் சேற்றில் விட்டுவிட்டு எடுக்கும். இது தெரிந்தால், முகம் தெரியாத தூரத்திலேயே ஒரு கூட்டத்தைப் பாதியாகப் பிரித்துவிடலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டு ஆராய்ந்து வருகிறார்கள்; அவர்களுக்குப் பறவை பிடித்துக் கொடுத்துப் பழகிய உள்ளூர்ப் பெரியவர்கள் இந்த நடையை வைத்தே பேசுவார்கள். அச்சில் அந்த அறிவு இன்னும் முழுதாக வரவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

நண்பர் சொன்ன பிரிப்பு இங்கும் நடந்திருக்கிறது. சிறிய மணல் உப்புக்கொத்தி என்று எல்லா நூல்களிலும் இருந்த பறவை, அண்மை ஆண்டுகளில் சைபீரிய இனம், திபெத்திய இனம் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. நம் கரைக்கு வருபவை பெரும்பாலும் திபெத்திய இனம். பழைய குறிப்பேடு வைத்திருப்பவர்கள் தங்கள் பட்டியலைத் திருத்தும்போது இதைக் கவனிக்கவும்.

சென்னையிலிருந்து:

என் அனுபவம் சிறியது, ஆனால் நூல்களில் என்ன இருக்க வேண்டும் என்பதை எனக்குத் தெளிவாக்கியது. அக்டோபர் மாதத்தில் ஒரு காலை, எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுக் கண்ணாடியில் மோதி ஒரு பறவை கீழே கிடந்தது. பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற வெளிர்நீலம், கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனையும் ஒரு மைனாவைவிடச் சிறிய, வால் குட்டையான உடலில். கூட்டம் கூடிவிட்டது. யாரோ வளர்த்த வெளிநாட்டுப் பறவை தப்பி வந்துவிட்டது என்றே பலரும் சொன்னார்கள். ஒருவர் கூண்டு வாங்கி வருகிறேன் என்று கிளம்பியும் விட்டார்.

வீட்டிலிருந்த கையேட்டில் ஆறுமணிக்குருவியின் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். படத்தைப் பார்த்து வியந்தவர்களை மாற்றியது படத்துக்குக் கீழே இருந்த வரிகள்தான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டி, மழை முடிந்ததும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும் பறவை அது. பயணம் இரவில். களைத்துப்போய் நகரத் தோட்டங்களில் இறங்குவதும், விளக்கொளியில் வழி தடுமாறிச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதுவதும் அந்த மாதங்களில் நடப்பதுதான். இத்தனை தூரம் தானே பறந்து வந்த உயிர் என்று தெரிந்தவுடன் கூண்டைப் பற்றிய பேச்சு நின்றது. காற்றுத் துளைகள் போட்ட அட்டைப்பெட்டியில், துணி விரித்து, இருட்டாகவும் அமைதியாகவும் வைத்தோம். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று தடுத்தேன், ஏனென்றால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மாலையில் பெட்டியைத் தோட்டத்துப் புதர் ஓரம் வைத்துத் திறந்தபோது, அது உடனே பறக்கவில்லை. இரண்டு தத்தலில் வெளியே வந்து, காய்ந்த மாவிலை ஒன்றை அலகால் புரட்டித் தள்ளி, அடியில் எதையோ எடுத்து விழுங்கிய பிறகுதான் புதருக்குள் போயிற்று.

எந்த மாதத்தில் வரும், எந்த மாதத்தில் திரும்பும் என்ற விவரத்தை, பட விளக்கத்தில் இடமில்லை என்று சொல்லி விட்டுவிடும் பதிப்பாளர்களுக்கு இதை எழுதுகிறேன். அடிபட்ட பறவையை என்ன செய்வது என்று அரைப்பக்கம் சேர்த்தால் இன்னும் நல்லது. மெர்லின் போன்ற செயலிகள் இப்போது குரலைக் கேட்டே பெயரைச் சொல்லிவிடுகின்றன. பெயர் கிடைத்த பின்னும் நூலுக்கு வேலை மிச்சமிருக்கிறது; அந்த வேலையை நூல்கள் செய்யட்டும்.

திருநெல்வேலியிலிருந்து:

மூவரும் கையேடுகளைப் பற்றி எழுதியதால், கையேடு அல்லாத இயற்கை நூல்களுக்காகச் சில வரிகள். மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலைப் படித்துவிட்டு, நீர்ப்பறவைகள் கூடும் கூந்தன்குளத்துக்குப் போனேன். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஆங்கில நாளேட்டில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர் அவர்; அருகிலிருக்கும் சாதாரண உயிர்களை ஊன்றிப் பார்ப்பதே அவர் வழி. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதால், குளத்துக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டேன். வீட்டு முற்றத்து மரத்தில் சங்குவளை நாரை கூடு கட்டியிருந்தது. குஞ்சுக்கு வெயில் படாதபடி தாய் இறக்கையை அகல விரித்து, சூரியன் நகர நகரத் தானும் திரும்பி நின்றது. கீழே எச்சம் விழாத பக்கமாகப் பாயை இழுத்துப் போட்டு ஒரு பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

பறவை வருவது ஊருக்கு நல்லது என்று அந்த மக்கள் நம்புகிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக எடுக்கிறார்கள். 1994இல் அரசு கூந்தன்குளத்தைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகு முன்பிருந்தே இந்த ஏற்பாடு இருந்தது. வேடந்தாங்கல் மக்களும் இப்படித்தான் தங்கள் ஏரிப் பறவைகளைக் காத்தார்கள். புதிதாக எழுதுபவர்கள் இந்த ஊர்களுக்கு வந்து, பறவைப் பட்டியலோடு நின்றுவிடாமல், எந்த மாதத்தில் குளம் நிரம்புகிறது, எப்போது வண்டல் எடுக்கிறார்கள், கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை யார் வளர்க்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும். கூந்தன்குளத்தில் இதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுத முன்வருபவர் யாராக இருந்தாலும் உடன் வந்து அறிமுகப்படுத்த நான் தயார். தை, மாசி மாதங்களில் வந்தால் கூடுகளையும் பார்க்கலாம்.