பிரெட்கிரம்புக்குத் தமிழில்: வழித்தடமா, இடத்தொடரா?

அன்பர்களுக்கு வணக்கமுங்க.

உதவிப் பக்கங்களின் மேல்விளிம்பில் "முகப்பு › கால்க் › சார்புகள் › விரிதாள் சார்புகள்" என்கிற மாதிரி ஒரு வரி வருகிறதே (கால்க் என்பது லிப்ரேஆபிஸ் தொகுப்பின் விரிதாள் செயலி), ஆங்கிலத்தில் பிரெட்கிரம்ப் என்கிறார்களே, அதற்குத் தமிழில் "வழித்தடம்" என்று வைக்கலாம் எனப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கும் ஒரு பெண், நூல் ரகத்தை அடித்தால் விலை தானாக வர வேண்டும் என்று விலுக்அப் (VLOOKUP) என்கிற விரிதாள் சார்பை, அதாவது ஃபங்ஷனைப் பற்றித் தேடுகிறார் என்று வையுங்கள். அவர் உதவி நூலகத்தின் முகப்புக்குப் போய், பொருளடக்கத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டா வருவார்? கூகுளில் தட்டுவார், அது அவரை நேராக நடுவில் ஒரு பக்கத்தில் இறக்கிவிடும். அந்தப் பக்கம் கால்க்குக்கு உரியதா எக்செலுக்கு உரியதா, எந்தப் பதிப்புக்கு எழுதியது, இதற்கு மேலே என்ன இருக்கிறது, பக்கத்தில் வேறு என்ன சார்புகள் இருக்கின்றன என்று எதுவும் தெரியாது. (பதிப்பு எண்ணே ஒரு தலைவலி. லிப்ரேஆபிஸ் 7.6-க்கு அடுத்து வந்தது 24.2, 2024 பிப்ரவரி என்பதைக் குறிக்கும் எண் அது. தெரியாதவர், நடுவில் பதினாறு பதிப்புகளைத் தவறவிட்டோம் போல என்று நினைப்பதில் வியப்பில்லை.) அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது "நான் எங்கே இருக்கிறேன்" என்பதற்குப் பதில். அவர் எந்த வழியிலும் நடந்து வரவே இல்லை.

இணையதளங்களில் தகவலை ஒழுங்குபடுத்தும் வல்லுநரான கீத் இன்ஸ்டோன் 2002-லேயே இந்த வரிகளை மூன்றாகப் பிரித்தார்: பக்கம் இருக்கும் இடத்தைக் காட்டுவது, வந்த வழியைக் காட்டுவது, பக்கத்தில் உள்ளதன் பண்பைக் காட்டுவது. உதவி நூலகங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் முதல் வகை. வந்த வழிக்கு உலாவியில் "பின்செல்" பொத்தான் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலப் பெயர் கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட கதையிலிருந்து வந்தது, காட்டில் வழி தவறாமல் இருக்கப் பிள்ளைகள் ரொட்டித் துணுக்குகளை (அதுதான் பிரெட்கிரம்ப்) போட்டுக்கொண்டே போவார்கள். அதாவது, ஆங்கிலப் பெயரே திரும்பிப் போகும் வழியைத்தான் சொல்கிறது. அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்?

வழித்தடம் என்றதும் நம் மக்களுக்கு நினைவு வருவது பஸ். கோவையிலிருந்து சத்தியமங்கலம் போனால் அன்னூர் வரும், அப்புறம் புளியம்பட்டி. அன்னூருக்குள் புளியம்பட்டி இல்லை, இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். ஆனால் இந்த வரியில் ஒவ்வொன்றும் முந்தையதற்கு உள்ளே இருக்கிறது. கொங்கில் தடம் என்றாலே நடந்து போகிற வழிதான், "எந்தத் தடத்துல வந்தீங்க" என்றுதான் கேட்போம்.

வேறு பரிந்துரைகளையும் பார்த்தேன். "இடநிரல்" வேண்டாம், நிரலை ஏற்கெனவே புரோகிராமுக்குக் கொடுத்துவிட்டோம். "இருப்புவரி" என்றால் கணக்குப் பார்ப்பவர் காதில் ஸ்டாக்கும் டாக்ஸும்தான் விழும். "இடநிரை" அழகான சொல், ஆனால் பேச்சில் நிரையும் நிறையும் ஒன்றாகிவிடும். "இட்டேறி" (கொங்கில் இருபுறமும் வேலி உள்ள சிறு பாதை) என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து மனசு குளிர்ந்தது, ஆனால் ராமநாதபுரத்துக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் அதை விளக்கத் தனியாக ஓர் உதவிப் பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

காதைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணால் பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல் திரையில் தென்படவே தென்படாது, வரியை மட்டும் பார்ப்பார்கள். அதன் பெயர் நிரலுக்குள் லேபிளாக இருக்கும், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அதைச் சத்தமாக வாசிக்கும். ஆகவே இந்தச் சொல்லை அன்றாடம் கேட்கப்போகிறவர்கள் பார்வையற்ற பயனர்கள்தான். அவர்களுக்கு ஒரே முறை கேட்டதும் புரிய வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு "இடத்தொடர்". இடமும் தெரியும், தொடரும் தெரியும், வேற்றுமை உருபு ஏற்றினாலும் இடறாது: இடத்தொடரில், இடத்தொடரை. இறுதி செய்வதற்கு முன், இந்தக் குழுவில் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள் இதையும் வழித்தடத்தையும் தமிழ்க் குரலில் வாசிக்க வைத்துக் கேட்டு, எது தெளிவாக விழுகிறது என்று எழுதுங்கள். உங்கள் கருத்தைக் கேட்ட பிறகு வாக்கெடுப்பு வைக்கலாம்.